பாரசீகத்துக்குப் போன செவித்திறன் கேள்விகள்: கேள்வி பதில்

முதியவர்களின் காது மந்தம் அவர்கள் அன்றாட வாழ்வை எவ்வளவு முடக்குகிறது என்று அளக்க, வென்ட்ரியும் வைன்ஸ்டைனும் 1982-ல் ஆங்கிலத்தில் தந்த வினாப்பட்டியல் எச்.எச்.ஐ.ஈ. மொத்தம் 25 கேள்விகள். ‘ஆம்’ என்றால் 4 மதிப்பெண், ‘சில சமயம்’ 2, ‘இல்லை’ 0. இதை ஈரானில் பேசும் பாரசீக மொழியில் கொண்டுவந்து சரிபார்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரு செவித்திறன் வல்லுநரின் பதில்கள்.

மேடம், இரு மொழியும் நன்றாகத் தெரிந்த ஒருவர் மொழிபெயர்த்தால் போதாதா?

போதாதும்மா. இரண்டு பேர் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒருவர் துறை தெரிந்தவர், மற்றவர் தெரியாதவர். துறைக்காரர் ஆஸ்பத்திரி மொழியில் எழுதிவிடுவார். பாரசீகத்திலும் நம்மைப் போலவே எழுத்து நடை வேறு, பேச்சு நடை வேறு. வீடு எழுத்தில் ‘கானே’, வாயில் ‘கூனே’. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு வாசித்துக் காட்டும்போது இந்த வித்தியாசம் பெரிது.

திரும்ப ஆங்கிலத்துக்குப் பெயர்த்துப் பார்த்தோம், மூலத்தோடு அச்சாகப் பொருந்துகிறது. வேலை முடிந்ததா மேடம்?

அங்கேதான் ஏமாந்துபோகிறோம். வீட்டாரோடு பேசும்போது ‘ஃபிரஸ்ட்ரேட்டட்’ ஆகிறீர்களா என்று ஒரு கேள்வி. அகராதியைப் பார்த்து ‘சர்கோர்தே’ என்று போட்டால், திரும்ப வரும்போது அதே ஆங்கிலச் சொல்தான் வரும். ஆனால் அந்தச் சொல்லில் வாழ்க்கையே கைவிட்ட விரக்தி தொனிக்கிறது. மகன் சொன்னதை மூன்றாம் முறையும் ‘என்ன?’ என்று கேட்கும்போது வரும் எரிச்சலுக்கு ‘கலாஃபே’தான் நெருக்கம். இதைக் காகிதம் காட்டாது. 30, 40 முதியவர்களிடம் வாசித்துவிட்டு, “இந்தக் கேள்வி உங்களிடம் என்ன கேட்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்று கேட்டால்தான் தெரியும். என்னைக் கேட்டால், மொத்த வேலையிலும் உயிர்நாடி இதுதான்.

வழிபாட்டுக்குப் போவது குறைந்ததா என்ற கேள்வியை ‘மசூதி’ என்று மாற்றலாமா?

மாற்றாதீர்கள். ஈரானில் பெண்கள் பலர் வீடுகளில் கூடும் ‘ரோஸே’ நிகழ்ச்சிக்குப் போவார்கள். இமாம் ஹுசைனின் துயரத்தைச் சொல்லி அழும் கூட்டம் அது. மசூதிக்கு அதிகம் போகாத அம்மாள் ‘இல்லை’ என்பார். 0 விழும். ரோஸேயில் பின்வரிசையில் ஒன்றுமே காதில் விழாமல் உட்கார்ந்திருந்து, பிறகு போவதையே நிறுத்திவிட்டவராக அவர் இருக்கலாம். ‘மதக் கூட்டங்கள்’ என்று பொதுவாக வையுங்கள்.

கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரோன்பாக் ஆல்ஃபா 0.96 வந்திருக்கிறது. பெருமைப்படலாமா?

0.7-க்கு மேல் இருந்தால் ஏற்பார்கள். இவ்வளவு உயர்ந்தால் ஒரே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் கேட்கிறோமோ என்று பாருங்கள். பதில் மாறாமல் நிற்கிறதா என்று, இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேட்டுப் பார்த்தீர்களா? இடையில் காதுக் குறும்பி எடுத்தவர், புதுக் கருவி மாட்டியவர் யாரும் அந்தக் கணக்கில் சேரக் கூடாது.

இதன் மதிப்பெண், கருவியில் காதைச் சோதித்து எடுக்கும் ஆடியோகிராமோடு ஓரளவுதான் ஒத்துப்போகிறது. தோல்வியா?

இல்லவே இல்லை. ஆடியோகிராம் மௌனமான அறையில் காதை அளக்கிறது. இது அந்த மனிதர் படும் பாட்டை அளக்கிறது. ஒரே அளவு செவிக்குறை உள்ள இருவரில் ஒருவர் தனியாக வாழ்பவர், இன்னொருவர் பேரப்பிள்ளைகள் நடுவே இருப்பவர் என்றால் மதிப்பெண் ஒன்றாகவா வரும்? முழுக்கப் பொருந்தினால் இந்தக் கேள்விகளே தேவையில்லையே.

காபூலில் தாரி, அதாவது ஆப்கானிஸ்தான் பாரசீகம், பேசுபவர்களுக்கு இதையே கொடுக்கலாமா?

எழுத்து ஒன்றுதான், வாசித்துவிடுவார்கள். ஆனால் பேச்சுச் சொற்கள் மாறும்; அங்கே உள்ள முதியவர்களிடம் மறுபடி கேட்டுப் பார்த்த பிறகே கொடுங்கள். பாரசீகத்தின் இன்னொரு வடிவம் பேசும் தஜிகிஸ்தானில் ரஷ்ய மொழிக்குள்ள சிரிலிக் எழுத்து, ஆகவே புதிதாக எழுதியே ஆக வேண்டும்.