வெளிநாட்டில் துணி தைக்க, பிரிக்க, திருத்த: வாசகர் கேள்விகளுக்கு ஒரு கட்டிங் மாஸ்டரின் பதில்கள்

பயணம் கிளம்புகிறவர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒன்றோடொன்று ஒட்டியவை என்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தைத்ததைப் போட்டுப் பார்த்து, குறையைச் சொல்லி, திருத்தியதை மறுபடி போட்டுப் பார்க்க அந்த ஊரில் உங்களுக்கு நாள் இருக்கிறதா? இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். விமானம் ஏறுகிற அன்று காலையில்தான் துணி கைக்கு வரும் என்றால், டெய்லர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: மாஸ்டர், நண்பர்களோடு வியட்நாம் போகிறேன். ஹோய் ஆன் என்ற ஊரில் 24 மணி நேரத்தில் கோட் சூட் தைத்துத் தருகிறார்களாம். தங்கையின் திருமண வரவேற்புக்கு அங்கேயே தைத்துக்கொள்ளலாமா? (திருச்சி வாசகர்)

தைக்கலாம் தம்பி. ஹோய் ஆன் பழைய துறைமுக ஊர், 1999-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தா நாங் விமான நிலையத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பழைய நகரத்தில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு தையல் கடை இருக்கும். வேலை தெரிந்தவர்கள் நிறைய. ஆனால் பல கடைகளில் அளவு எடுப்பவர் ஒருவர், தைப்பவர் இன்னொருவர். துணி வேறொரு பட்டறைக்குப் போய்விடும். உங்கள் வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தால் அதை வெட்டுகிறவர் கண்ணால் பார்க்கப் போவதில்லை, அளவுச் சீட்டில் எழுதியிருந்தால்தான் அவருக்குத் தெரியும். அதனால் கோட்டின் நீளம், காலர் மடிப்பின் அகலம், முதுகில் ஒரு வெட்டா இரண்டா, பாக்கெட்டுக்கு மூடி வேண்டுமா என்று எல்லாவற்றையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்தச் சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

24 மணி நேரத்தில் முடியுமா என்றால், முடியும். நேரம் எங்கே மிச்சமாகிறது என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். கோட்டின் மார்புப் பகுதி விறைப்பாக நிற்க உள்ளே ஒரு துணி வைப்போம். நல்ல கோட்டில் அது குதிரை முடி கலந்த கேன்வாஸ். கையால் தளர்வாகத் தைத்திருப்பார்கள், உடம்போடு சேர்ந்து வளையும். அவசர வேலையில் அதற்குப் பதிலாகப் பசையுள்ள ஃபியூசிங் துணியைச் சூட்டில் ஒட்டிவிடுவார்கள். வாங்கும்போது பளிச்சென்றுதான் இருக்கும். மட்டமான ஃபியூசிங் என்றால் சில டிரை கிளீனிங்குக்குப் பிறகு பசை விட்டு, மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அடிப்பொத்தானுக்குப் பக்கத்தில் மேல்துணியை ஒரு கையாலும் உள்பக்கத் துணியை ஒரு கையாலும் கிள்ளிப் பிரித்து இழுங்கள். நடுவே மூன்றாவதாக ஒரு துணி நழுவுவது விரலில் தட்டுப்பட்டால் கேன்வாஸ். வருடத்துக்கு இரண்டு விசேஷத்துக்குப் போடப் போகிறீர்கள் என்றால் ஃபியூசிங் கோட்டே போதும், அதற்குக் கேன்வாஸ் விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

துணி விஷயத்தில் லேபிளை நம்ப வேண்டாம். இத்தாலி என்று போட்ட லேபிளைத் தனியாக வாங்கி யார் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம். துணியின் ஓரத்தில் நாலு நூல் உருவிக் கொளுத்திக் காட்டச் சொல்லுங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலையே அளவு கொடுத்துவிடுங்கள். அடுத்த நாள் முதல் ஃபிட்டிங், அதற்கடுத்த நாள் இரண்டாவது, அப்புறம் கிளம்புகிற நாள். ஃபிட்டிங்குக்குப் போகும்போது வரவேற்பில் போடப் போகும் ஷூவையும் சட்டையையுமே போட்டுக்கொண்டு போங்கள். கண்ணாடி முன் நெஞ்சை நிமிர்த்தி நிற்காமல், எப்போதும் நிற்பது போல நில்லுங்கள். நண்பரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கோட் காலருக்கும் சட்டைக் காலருக்கும் நடுவே இடைவெளி விழுகிறதா? கழுத்துக்குக் கீழே முதுகில் குறுக்குச் சுருக்கம் இருக்கிறதா? பொத்தான் போட்டதும் வயிற்றில் பெருக்கல் குறி மாதிரி மடிப்பு விழுந்தால் அங்கே இறுக்கம். உட்கார்ந்து பாருங்கள், கையை முன்னால் நீட்டிப் பாருங்கள். இடுப்பு, கை நீளம், பேன்ட் நீளம் இதெல்லாம் சீக்கிரம் திருத்தக்கூடியவை. தோள் அப்படியல்ல, கையையே பிரித்து மறுபடி ஏற்ற வேண்டும். முதல் ஃபிட்டிங்கில் தோள் சரியில்லை என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதை முதலில் பேசுங்கள்.

பாதிப் பணம் முன்னால், மீதி கடைசி ஃபிட்டிங் முடிந்த பிறகு. பேன்ட்டின் பின்தையலில் ஒரு இன்ச் துணி உள்ளே விடச் சொல்லுங்கள், மீதித் துணியையும் இரண்டு பொத்தானையும் கேட்டு வாங்குங்கள். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஒரு இன்ச் உதவும். அக்டோபர், நவம்பரில் ஆற்று வெள்ளம் பழைய நகரத்துத் தெருக்களுக்குள்ளேயே வந்துவிடும். டெட் என்னும் அவர்கள் புத்தாண்டு சமயத்தில் கடைகள் மூடியிருக்கும். அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: பாங்காக்கில் டுக்டுக் ஓட்டுநரே நல்ல டெய்லர் கடை இருக்கிறது என்று கூப்பிடுகிறார். போகலாமா? (ஈரோடு வாசகர்)

வேண்டாம். ரொம்ப மலிவாக ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்பார், வழியில் சூட் கடையிலும் நகைக்கல் கடையிலும் நிறுத்துவார். ஆள் கொண்டுவந்து விட்டதற்கு அவருக்குக் கமிஷன் உண்டு, அது உங்கள் பில்லில்தான் ஏறும். சுகும்வித் பகுதியில் இந்திய வம்சாவளியினர் நடத்தும் தையல் கடைகள் நிறைய இருக்கின்றன. வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத கடையாகப் பார்த்து, நீங்களே நடந்து போய், தைத்து முடித்த கோட் ஒன்றைத் திருப்பி உள்தையலைக் காட்டச் சொல்லுங்கள். துணி மட்டும் வேண்டுமென்றால் பாஹுரத் சந்தைக்குப் போகலாம்.

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் நியூஜெர்சி போகிறேன். உடம்பு ஏறினால் ப்ளவுஸ் பிரிக்க அங்கே ஆள் கிடைக்குமா? (மதுரை வாசகி)

ஆள் கிடைப்பார்கள் அம்மா. எடிசன் பக்கம் நம்மவர்கள் நிறைய, வீட்டிலேயே தைத்துக் கொடுக்கும் பெண்களைப் பற்றி மகளின் சிநேகிதிகளிடம் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் இதற்கு ஆளே தேவையில்லை. நம் ஊரில் தைத்த ப்ளவுஸை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலில் இரண்டு மூன்று கோடு ஓடியிருக்கும். கால் இன்ச் இடைவெளியில் இருந்தால், உடம்பை ஒட்டிய முதல் கோட்டை இரண்டு பக்கமும் பிரித்தாலே சுற்றளவில் ஒரு இன்ச் கிடைக்கும். முன்பக்கம் கால், பின்பக்கம் கால், இரண்டு பக்கம் என்று கணக்கு.

நூலை இழுத்துப் பிரிக்காதீர்கள், துணி நைந்துவிடும். நாலு தையலுக்கு ஒன்றைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டே போங்கள். பிறகு மறுபக்கத்து நூலைப் பிடித்து இழுத்தால் முழு நீளமும் கையோடு வந்துவிடும். அந்தக் கோடு கை ஓரத்தில் தொடங்கி அக்குள் வழியாக இடுப்புவரை ஓடும். கை சரியாக இருந்தால் அக்குளோடு நிறுத்தி, அங்கே நூலை முடிச்சுப் போட்டுவிடுங்கள். பட்டு ப்ளவுஸில் பழைய ஊசித்துளை வரிசை தெரியும். அக்குளுக்குக் கீழே என்பதால் பாதகமில்லை.

கிளம்பும் முன் உங்கள் டெய்லரிடம் சொல்லிப் புது ப்ளவுஸ்களில் மூன்று கோடு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கத்தரியை மட்டும் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் வாங்கிய ஜீன்ஸை அங்கேயே அடி மடித்துத் தைக்கலாமா? (கோவை வாசகர்)

டிரை கிளீனிங் கடைகளில் செய்து கொடுப்பார்கள். ஆனால் அந்தக் கூலி நம் கணக்குக்கு அதிகம். அங்கே லீவைஸ் மாதிரி ஜீன்ஸ்களை இடுப்பு, கால் நீளம் என்று இரண்டு அளவிலும் விற்கிறார்கள். 32, 30 என்று போட்டிருந்தால் இடுப்பு 32 இன்ச், உள்கால் நீளம் 30 இன்ச். உங்கள் நீளத்தைத் தேடி எடுத்தால் மடிக்கிற வேலையே இல்லை. அப்படியே மடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு தடவை துவைத்துக் காயவைத்த பிறகு கொடுங்கள், பருத்தி சுருங்கும்.

கேள்வி: தீபாவளிக்குச் சிங்கப்பூரில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். எடுத்துப்போகும் புடவைக்கு அங்கே ப்ளவுஸ் தைத்துக்கொள்ளலாமா? (தஞ்சாவூர் வாசகி)

தேக்கா சந்தையின் மாடியில் துணிக்கடைகளுக்கு நடுவே தையல்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சிராங்கூன் ரோட்டைச் சுற்றியும் உண்டு. தமிழிலேயே பேசலாம். ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அவர்களிடம் வேலை மலைபோலக் குவிந்திருக்கும். உங்கள் ப்ளவுஸ் வரிசையில் நின்று, முந்தின நாள் ராத்திரி கைக்கு வரும். போட்டுப் பார்த்துத் திருத்த நேரம் இருக்காது. தஞ்சாவூரிலேயே தைத்துக்கொண்டு போங்கள். போன இடத்தில் புடவை வாங்கினால் ஃபால்ஸ் அடிக்க மட்டும் அங்கே கொடுங்கள். பண்டிகை முடிந்த பிறகு தைப்பதென்றால் சரி, அப்போதும் நன்றாகப் பொருந்துகிற அளவு ப்ளவுஸ் ஒன்று கையில் இருக்கட்டும்.

துபாய்க்கும் இதே பதில்தான். சத்வாவிலும் மீனா பஜாரிலும் நல்ல டெய்லர்கள் இருக்கிறார்கள், ரம்ஜான் மாதத்தில் பெருநாள் ஆர்டர் குவிந்து கிடக்கும்.

கேள்வி: ஜப்பானுக்கு வேலையாகப் போகிறேன். பேன்ட் திருத்த வேண்டியிருந்தால் மொழி தெரியாமல் எப்படிச் சொல்வது? (சென்னை வாசகர்)

பேச வேண்டியதே இல்லை. ஷூ போட்டுக்கொண்டு, பேன்ட்டை வேண்டிய உயரத்துக்கு மடித்து, ஒவ்வொரு காலிலும் இரண்டு ஊக்கு குத்திவிடுங்கள். அப்படியே கழற்றிக் கொடுங்கள். ஒரு காகிதத்தில் எத்தனை சென்டிமீட்டர் குறைக்க வேண்டும் என்று எண்ணையும் எழுதுங்கள். அங்கே இன்ச் கணக்கு எடுபடாது, ஒரு இன்ச்சுக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். யூனிக்லோவில் பேன்ட் வாங்கினால் அங்கேயே அடி மடித்துத் தரும் வசதி இருக்கிறது. இடுப்பைப் பிடிக்க வேண்டுமென்றால் தளர்ந்த இடத்தைக் கிள்ளி ஊக்குக் குத்துங்கள். மாலை நேரத்தில், சாப்பிட்டபின் குத்துவது நல்லது.

கேள்வி: சுவிட்சர்லாந்து போக நண்பரிடம் கடன் வாங்கிய பஃபர் ஜாக்கெட்டின் கை நீளம். போன இடத்தில் குறைக்கலாமா? (சேலம் வாசகி)

கை வைக்காதீர்கள். உள்ளே இறகு அடைத்த ஜாக்கெட்டில் ஊசி போன துளை வழியாக இறகு வெளியே வந்துகொண்டே இருக்கும். கையைக் குறைக்க மணிக்கட்டுப் பட்டையைப் பிரித்து, இறகைத் தள்ளி, மறுபடி அடைத்துத் தைக்க வேண்டும். அது தனி வேலை. கையை ஒரு மடிப்பு உள்ளே தள்ளி, ஓரத்தில் வெல்க்ரோ பட்டை இருந்தால் அதை இறுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். குளிரில் புறங்கை வரை மூடியிருப்பது நல்லதுதான். கம்பளிக் கோட் என்றால் இங்கிருந்து கிளம்பும் முன்பே திருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: வெளிநாட்டில் தைத்த துணிக்கும் விமான நிலையத்தில் வரி திரும்பக் கிடைக்குமா? (புதுச்சேரி வாசகர்)

தாய்லாந்தில் வாட் வரி 7 சதவீதம். சுற்றுலாப் பயணிகளுக்கு வரி திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடையாக இருக்க வேண்டும், வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்கியிருக்க வேண்டும், வாங்கிய 60 நாளுக்குள் பொருள் நாட்டைவிட்டு வெளியே போக வேண்டும். ஐரோப்பாவில் பொருளுக்குத்தான் திரும்பக் கிடைக்கும், உங்கள் பழைய துணியைத் திருத்தியதற்குக் கொடுத்த கூலிக்குக் கிடைக்காது. சுங்க அதிகாரி துணியைக் காட்டச் சொல்லலாம். அதனால் படிவத்தில் முத்திரை வாங்கிய பிறகே அந்தப் பெட்டியை விமானத்தில் போட ஒப்படையுங்கள், அதுவரை புதுக் கோட்டைப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம்.