முதலில் பல்லைப் பாருங்கள், எண்ணெய் பிறகு

கேள்வி: எங்கள் குதிரைக்கு 21 வயது. இளமையில் சிங்கப்பூரின் கிராஞ்சிப் பந்தயத் திடலில் ஓடியது. இப்போது நாங்கள் மூன்று பேர் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரு லாயத்தில் வைத்திருக்கிறோம். சில மாதங்களாக விலா எலும்பு தெரிகிறது, ரோமத்தில் பளபளப்பு இல்லை, காலையில் கால் பிடித்துக்கொண்டு நடக்கிறது. முதிய குதிரைகளுக்கென்று விற்கும் ‘சீனியர்’ தீவனத்துக்கு மாற்றியும் தேறவில்லை. ஒமேகா கொழுப்பு கொடுங்கள் என்கிறார்கள். ஒருவர் மீன் எண்ணெய் என்கிறார், இன்னொருவர் ஆளி விதை எண்ணெய் என்கிறார். என் மாமனாரோ, “கொள்ளை வேகவைத்துப் போடும்மா, தானா தேறும்” என்கிறார். எதை வாங்குவது? (வாசகி, ஈசூன்)

பதில்: எண்ணெய் வாங்க இப்போதே கிளம்பிவிடாதீர்கள். குதிரை தின்று முடித்ததும் தரையைப் பாருங்கள். பாதி மென்று துப்பிய ஈரமான புல் உருண்டைகள் கிடக்கின்றனவா? சாணத்தை உடைத்துப் பார்த்தால் மெல்லப்படாத நீளமான தண்டுகள் தெரிகின்றனவா? இரண்டில் ஒன்று இருந்தாலும் கோளாறு பெரும்பாலும் பல்லில்தான். குதிரையின் கடைவாய்ப் பல் ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர் தேயும். ஏறக்குறைய அதே அளவு ஈறிலிருந்து வெளியே வரும். 20 வயதைத் தாண்டும்போது உள்ளே மிச்சம் குறைந்துவிடும். அரைக்க முடியாத வாய்க்கு எந்த எண்ணெயும் உதவாது. பல் பார்க்கும் கால்நடை மருத்துவரை அழைப்பதுதான் முதல் வேலை.

அவர் வரும்போதே ரத்தமும் எடுக்கச் சொல்லுங்கள். 15 வயதைத் தாண்டிய குதிரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு, மூளையடிச் சுரப்பி சார்ந்த குஷிங் நோய் வருகிறது. தசை கரையும், ரோமம் நீண்டு உதிராமல் நிற்கும், குளம்பின் உள்ளே அழற்சி கண்டு வலிக்கும். ‘காலையில் கால் பிடிக்கிறது’ என்பது மூட்டுவாதமாகவும் இருக்கலாம், குளம்பு அழற்சியின் தொடக்கமாகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால் உணவே வேறு: மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து 10 முதல் 12 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், வெல்லப்பாகு கலந்த தீவனம் கூடாது. அதனால்தான் மூட்டையை மாற்றுவதற்கு முன் பரிசோதனையை முடிக்கச் சொல்கிறேன்.

இனி அந்த ‘சீனியர்’ மூட்டை. பெரும்பாலானவர்கள் செய்வதையே நீங்களும் செய்திருப்பீர்கள்: காலையில் ஒரு கரண்டி, மாலையில் ஒரு கரண்டி. மூட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அதில் போட்டிருக்கும் அளவு கிலோவில் இருக்கும், லாயத்துக் கரண்டியில் இருக்காது. கரண்டியில் எவ்வளவு பிடிக்கிறது என்று சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.

குதிரையின் எடையை அறிய நாடா போதும். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பிறகு தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுங்கள். சுற்றளவு 180, நீளம் 158 என்றால் ஏறக்குறைய 430 கிலோ. இந்த எடைக்கு நாளொன்றுக்கு நாருணவு, அதாவது உலர்புல் வகை, 6.5 கிலோவுக்குக் குறையவே கூடாது. இளைத்த குதிரைக்கு 8, 9 கிலோ நல்லது.

மெல்ல முடியாவிட்டால் அதே அளவை ஊறவைத்துக் கொடுக்க வேண்டும். லூசர்ன் அல்லது திமோதிப் புல் கட்டிகள், இனிப்புச் சேர்க்காத பீட் சக்கை, முழு உணவாகக் கொடுக்கத்தக்க சீனியர் தீவனம் ஆகியவற்றைத் தண்ணீரில் கஞ்சிப் பதத்துக்குக் கரைத்து, நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். உலர்ந்த குருணையைப் பல் இல்லாத குதிரை விழுங்கினால் தொண்டைக்குழாய் அடைத்துக்கொள்ளும். இந்த ஊர் வெயிலில் ஊறவைத்தது சில மணி நேரத்தில் புளித்துவிடும். காலையில் ஊறவைத்ததை மாலைக்கு வைக்காதீர்கள் என்று சைஸிடம், அதாவது குதிரையைப் பராமரிப்பவரிடம், ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகு ஒமேகாவுக்கு வரலாம். சிங்கப்பூரில் இதற்கு உண்மையான தேவை இருக்கிறது. மேய்ச்சல் குதிரைக்குப் பச்சைப் புல்லிலிருந்தே ஒமேகா 3 தாராளமாகக் கிடைத்துவிடும். நம் குதிரைகள் தின்பதோ பெரும்பாலும் கப்பலில் வரும் உலர்புல். காயும்போதே அந்தக் கொழுப்பில் பெரும்பகுதியும் வைட்டமின் ஈயும் போய்விடும். கூடவே தானியமும் தவிடும் சேரும்போது ஒமேகா 6 பக்கம் சாய்ந்துவிடுகிறது.

அந்தச் சாய்வைத் திருத்த ஆளி விதை எண்ணெய்தான் என் முதல் தேர்வு. அதில் பாதிக்கு மேல் ஒமேகா 3. கனோலாவில் பத்தில் ஒரு பங்கு, சோளத்தில் ஒரு விழுக்காடு, சூரியகாந்தியில் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். ‘இளைத்தவனுக்கு எள்ளு’ என்ற பழமொழியை நம்பி நல்லெண்ணெய் ஊற்றுபவர்களும் உண்டு. சக்தி கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு ஒமேகா 6, ஒமேகா 3 மிகக் குறைவு.

முதல் நாள் 20 மில்லிலிட்டர் கொடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக 100 வரை ஏற்றலாம். குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. கொழுப்புக்குக் குடல் பழக நாள் பிடிக்கும். அவசரப்பட்டால் சாணம் இளகுவதில் தெரிந்துவிடும். 100 மில்லியில் சுமார் 800 கிலோகலோரி உண்டு. குதிரையின் தினசரித் தேவையில் இது ஏறக்குறைய 5 விழுக்காடுதான், ஆகவே இதை மட்டும் வைத்து எடை ஏற்ற முடியாது. வியர்க்க மறுக்கும் குதிரைகள் உள்ள இந்த ஊரில் கொழுப்புக்கு ஒரு நன்மை உண்டு: செரிக்கும்போது புல்லையும் தானியத்தையும் விடக் குறைவாகவே உடலைச் சூடாக்கும்.

எண்ணெய் சேர்த்தால் வைட்டமின் ஈ கட்டாயம். பச்சைப் புல் பார்க்காத குதிரைக்கு நாளுக்கு 1,000 முதல் 2,000 யூனிட், இயற்கை வகையாக இருந்தால் நல்லது. எண்ணெயைச் சிறிய கறுப்புப் போத்தலில் வாங்கிக் குளிர்பெட்டியில் வையுங்கள். தகரக் கூரையடியில் பெரிய டின்னை வைத்தால் சீக்கிரமே காறிவிடும். கசப்பு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் மரச்சாமானுக்குப் பூச விற்கும் லின்சீட் எண்ணெயைத் தொடவே வேண்டாம். அதில் உலர்த்தும் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள்.

மீன் எண்ணெயைத் தள்ளிவிடவில்லை. ஆளி விதைக் கொழுப்பை, மீன் எண்ணெயில் நேரடியாகவே உள்ள ஈபிஏ, டிஹெச்ஏ என்ற நீண்ட ஒமேகா 3 வகைகளாக மாற்றுவதில் குதிரை கெட்டிக்காரி அல்ல. மூச்சிழுப்பு உள்ள குதிரைக்குத் தூசி குறைந்த தீவனத்தோடு டிஹெச்ஏ சேர்த்தால் இருமல் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூட்டுக்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை. மருந்துக்கடை மாத்திரையை நம்பாதீர்கள்: 1,000 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் டிஹெச்ஏ வழக்கமாக 120 மில்லிகிராம்தான். ஒன்றரைக் கிராம் வேண்டுமென்றால் தினம் பன்னிரண்டு, பதின்மூன்று. குதிரைக்கென்று விற்கும் பாசி எண்ணெய்ப் பொடி மேல், வாடையும் குறைவு. மீன் ஈரல் எண்ணெய் வேறு சரக்கு. அதில் வைட்டமின் ஏயும் டியும் ஏறிப்போகும்.

மாமனாரின் கொள்ளைக் குறைசொல்ல மனமில்லை. வேகவைத்த கொள்ளு நல்ல புரதம். நம் ஊர்க் குதிரைகள் அதைத் தின்றுதான் வண்டி இழுத்தன. ஆனால் மாவுச்சத்து அதிகம், ஒமேகா 3 சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ரத்தப் பரிசோதனையில் குஷிங்கோ இன்சுலின் கோளாறோ இல்லையென்று வந்தால், நன்றாக வெந்ததில் இரண்டு கைப்பிடி, கஞ்சியோடு கலந்து. அரிசித் தவிடு மட்டும் கூடவே கூடாது. அதிலுள்ள பாஸ்பரஸ் நாளடைவில் எலும்பிலிருந்து சுண்ணாம்பை இழுத்துவிடும்.

ரோமத்தில் மாற்றம் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நாடாவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே ஆள், ஒரே நேரத்தில் பிடியுங்கள். கால் வலிக்கு மட்டும் அந்த எட்டு வாரம் காத்திருக்காதீர்கள். குளம்பு சூடாக இருந்தாலோ, திரும்பும்போது தயங்கினாலோ அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.