கடிகாரக் கம்பெனிக்காரரின் ஆட்டம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரக் குறிப்பில் வால்டர் கேம்ப்பை ‘அமெரிக்கக் கால்பந்தின் தந்தை’ என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த ஆட்டத்தில் காலுக்கே அதிக வேலையில்லை. 1905இல் மட்டும் ஏறத்தாழ இருபது பேர் அதை ஆடிச் செத்திருக்கிறார்கள். அந்தச் சாவுகளுக்கும் இவர்தானே பொறுப்பு?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

பட்டம் நான் சூட்டியதல்ல. ஆனால் ஒப்புக்கொண்டுதான் எழுதினேன்.

1876இல் கேம்ப் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அங்கே ஆடப்பட்டது ஏறக்குறைய ரக்பிதான். இரு அணியும் முட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் கிடக்கும் பந்து யாருக்கு அகப்படும் என்று சொல்ல முடியாது. 1880இல் அவர் யோசனைப்படி அணிக்குப் பதினொருவர் என்றானது. பந்தும் ஒரு தரப்புக்கு உரியதாயிற்று. அவர்கள் அதைக் காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கலாம். (காலுக்கு அவ்வளவாவது வேலை இருந்தது!)

மறுவருடமே விதியின் ஓட்டை தெரிந்துவிட்டது. யேலுக்கு எதிராக ஆடிய பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணி, முதல் பாதி முழுக்கப் பந்தை விடவே இல்லை. மறுபாதியில் யேலும் அதையே செய்தது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அதனால் 1882இல் கேம்ப் புது விதி கொண்டுவந்தார்: மூன்று முயற்சிக்குள் ஐந்து கஜம் முன்னேறு, இல்லாவிட்டால் பந்தைக் கொடுத்துவிடு. அதை அளக்க, ஐந்து கஜத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. இறைச்சி வாட்டும் கம்பித்தட்டு போலிருந்த மைதானத்துக்கு அந்தத் தட்டின் ஆங்கிலப் பெயரே (கிரிடையர்ன்) நிலைத்துவிட்டது.

உங்கள் குற்றச்சாட்டின் வேரும் இங்கேதான். ஐந்து கஜம் என்பது முண்டியடித்தே கடந்துவிடக்கூடிய தூரம். 1888இல் இடுப்புக்குக் கீழேயும் பிடித்து வீழ்த்தலாம் என்றானதும், தனியாக ஓடுகிறவன் தப்புவது அரிதாயிற்று. எல்லோரும் ஒரே திரளாகப் பாய்ந்தார்கள். அப்போது தலைக்கவசமும் கட்டாயமில்லை. 1905இல் இந்த முரட்டுத்தனம் பற்றி அதிபர் தியோடர் ரூசவெல்ட் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசியவர்களில் கேம்ப்பும் ஒருவர். ஐந்து கஜத்தைப் பத்தாக்கலாம் என்றார். பந்தை முன்னோக்கி எறிய விடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. 1906இல் இரண்டுமே விதியாயின. கொலைப்பழி சுமத்த மாட்டேன். தன் பிள்ளையின் முரட்டுத்தனத்தைக் கண்டிக்கத் தாமதித்த தந்தை என்பேன்.

தந்தை என்றால் தாயும் உண்டு. 1888இல் கேம்ப் யேலின் பயிற்சியாளர். ஆனால் பகலில் நியூ ஹேவன் கடிகாரக் கம்பெனியில் உத்தியோகம். அவ்வருடம்தான் மணமான அவர் மனைவி ஆலிஸ், மைதானத்தோரம் நின்று பயிற்சியைக் கவனித்துக் குறிப்பெடுப்பார். மாலையில் அதை வைத்து வீட்டில் ஆலோசனை நடக்கும். அந்தப் பருவத்தில் யேல் 13 ஆட்டங்களில் 698 புள்ளி எடுத்தது. எதிரணிகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆலிஸுக்கு யாரும் பட்டம் சூட்டியதாகத் தெரியவில்லை.

மறுவருடத்திலிருந்து, நாட்டின் சிறந்த பதினொருவர் பட்டியல் வெளியாகத் தொடங்கியது. பத்திரிகையாளர் காஸ்பர் விட்னியுடன் சேர்ந்து தொடங்கப்பட்டு, பிறகு கேம்ப்பின் பெயரோடே ஒட்டிக்கொண்ட அந்தப் பட்டியல்தான் ஆட்டத்துக்குப் பெரிய விளம்பரம்.

1925 மார்ச்சில் விதிக்குழுக் கூட்டத்துக்காக நியூயார்க் போயிருந்தார். ஒரு நாள் காலை அமர்வுக்கு வரவில்லை. ஓட்டல் அறையில் போய்ப் பார்த்தபோது தூக்கத்திலேயே இறந்திருந்தார்.