ஏழு நாளில் மரு உதிருமா?

கேள்வி: என் பையனுக்கு 9 வயது. வலது கை விரல்களில் நாலைந்து மரு. 'ஏழே நாளில் வேரோடு உதிரும்' என்ற விளம்பரத்தை நம்பி ஆன்லைனில் 799 ரூபாய்க்கு ஒரு க்ரீம் வாங்கித் தடவினேன். சுற்றியுள்ள தோல் வெந்து சிவந்ததுதான் மிச்சம். பக்கத்து பியூட்டி பார்லரில் எரித்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். மாமியார் சுண்ணாம்பு வைக்கச் சொல்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: க்ரீமை இன்றே நிறுத்துங்கள் அம்மா. ஆனால் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது.

மருவுக்கு வேரே கிடையாது. எச்.பி.வி. என்ற வைரஸ் மேல்தோலில் தங்கி, அங்கேயே தடித்து வளர்வதுதான் மரு. நடுவில் தெரியும் கரும்புள்ளிகள் ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். 'வேரோடு' என்று விற்பவரை அந்த ஒரு சொல்லிலேயே சந்தேகிக்கலாம். சுண்ணாம்பு காரம், தோலை வேகவைத்துப் புண்ணாக்கிவிடும். பிள்ளையின் விரலில் அது வேண்டவே வேண்டாம்.

குழந்தைகளுக்கு வரும் மருக்களில் ஏறக்குறைய பாதி ஓராண்டுக்குள் தானாகவே போய்விடும். வலியில்லை, பையனும் கூச்சப்படவில்லை என்றால் காத்திருப்பதும் சிகிச்சைதான். நகம் கடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கடித்தால் விரலுக்கு விரல் பரவும்.

மருந்து வேண்டுமென்றால், வெந்த தோல் ஆறியபின் டாக்டரிடம் காட்டிவிட்டு, 17 சதவீத அளவுக்கு சாலிசிலிக் ஆசிட் உள்ள பெயின்ட்டை, அதாவது மருவில் தடவும் திரவ மருந்தை, மருந்துக்கடையில் கேளுங்கள். ராத்திரி வெதுவெதுப்பான நீரில் விரலை ஐந்து நிமிடம் ஊறவைத்து, வெள்ளைத் தோலை மெதுவாகத் தேய்த்து எடுங்கள். சுற்றிலும் வாசலின் பூசி, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு. இப்படி 12 வாரம். மூன்றாவது வாரத்தில் சலித்து விட்டுவிட்டு, 'மருந்து வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்கள்தான் அதிகம். முகத்திலும் மச்சத்தின் மேலும் இதை வைக்கவே கூடாது.

டாக்டர் இல்லாத பார்லரில் எரிக்கக் கொடுக்காதீர்கள். புண் சீழ் பிடிக்கலாம். நம் நிறத்துக்கு அந்த இடம் கருத்தோ வெளுத்தோ மாதக்கணக்கில் நிற்கும். தோல் மருத்துவர் திரவ நைட்ரஜனால் உறையவைப்பதற்கும் பெரும்பாலும் இரண்டு மூன்று வார இடைவெளியில் பல தடவை போகவேண்டி வரும். அதனால் தனியார் கிளினிக்கில் முதலிலேயே கேளுங்கள்: கட்டணம் ஒரு மருவுக்கா, ஒரு தடவைக்கா? திரும்ப வரவே வராது என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தானே, காலையில் ஓ.பி. சீட்டு போட்டுத் தோல் பிரிவில் காட்டலாம்.

இப்போது அந்த டப்பா. மருந்து என்றால் அதன்மேல் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானம் எல்லாம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையும், பையனின் விரலையும், விளம்பரத்தையும் படம் எடுத்து, பில்லோடு விற்ற தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மழுப்பினால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: எனக்குச் சர்க்கரை உண்டு. உள்ளங்காலில் இருப்பது ஆணியா, மருவா? கால் ஆணி பிளாஸ்டர் ஒட்டலாமா?
- ஒரு வாசகர், சைதாப்பேட்டை

பதில்: ஒட்டாதீர்கள் ஐயா. அந்த பிளாஸ்டரிலும் பெரும்பாலும் சாலிசிலிக் ஆசிட்தான், அதுவும் கூடுதல் அளவில். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் புண் ஆவதே தெரியாது. நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் ஆணி, பக்கவாட்டில் கிள்ளினால் வலிப்பது மரு. ஆனால் எதுவானாலும் நீங்களாக பிளேடு வைக்காமல், இந்த வாரமே டாக்டரிடம் காலைக் காட்டுங்கள்.