மூடிய கடலோரச் சுரங்கத்தின் கழிவைக் கடலடியிலிருந்து முழுசாகத் தோண்டி எடுத்துவிட முடியாதா?

தோண்ட முடியும். ஆனால் பல இடங்களில் தோண்டக் கூடாது. கடலடி வண்டலில் மாதிரி எடுத்துச் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நீளமான பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் இறக்கி மேலே இழுத்தால், மேலாக ஒரு விரல் கனத்துக்குப் பழுப்பு மண், அதற்குக் கீழே கரிக்கறுப்பு, மூடியைத் திறந்ததுமே அழுகிய முட்டை நாற்றம். அந்தக் கறுப்புச் சேற்றில் கொஞ்சம் தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்பினால் மேல்பக்கம் துரு நிறத்துக்கு மாற ஆரம்பித்திருக்கும். காற்று பட்டதுதான் காரணம். ஈயம், துத்தநாகம், காட்மியம் எல்லாம் கந்தகத்தோடு கட்டுண்டு கிடக்கிறவரை தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, காற்றோடு சேர்ந்ததும் கந்தகம் அமிலமாகி உலோகத்தை அவிழ்த்து விட்டுவிடும். ஆகவே கடலடியில் ஆக்சிஜன் இல்லாமல் புதைந்து கிடக்கும் கழிவு ஒரு மாதிரி, அதே கழிவு வெயிலிலும் மழையிலும் கிடந்தால் வேறு மாதிரி. இரண்டுக்கும் ஒரே மருந்து சொல்கிற திட்டம் எதையும் நான் நம்புவதில்லை.

ஸ்பெயினின் முர்சியா பகுதியில் இருக்கிற போர்ட்மான் விரிகுடாவைப் பாருங்கள். ரோமானியர் காலத்திலேயே துறைமுகமாக இருந்த இடம். பெனாரோயா என்ற சுரங்க நிறுவனம் 1957 முதல் ஈயம், துத்தநாகத் தாதுவைக் கழுவி மிச்சத்தைக் குழாய் வழியாக நேரே கடலில் விட்டது, அதுவும் அரசு அனுமதியோடு. 1990-இல் நிறுத்துவதற்குள் சுமார் 5.7 கோடி டன் போய்ச் சேர்ந்துவிட்டது. 20 டன் லாரியில் ஏற்றினால் 28 லட்சம் நடைக்கு மேல் வரும், அவ்வளவையும் வாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அலை அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கரைக்கே தள்ளியதில் விரிகுடா தூர்ந்து, கடல் அரை கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிப் போனது. இன்று அங்கே கடற்கரை மாதிரித் தெரிவது கழிவுமண்தான். மேக்னடைட் என்ற இரும்புத் தாது நிறைய இருப்பதால் கறுத்துக் கிடக்கும், காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொண்டு வரும். மீதிக் கழிவு கடலடியில் வெகுதூரம் பரவிக் கிடக்கிறது.

என் அபிப்பிராயம் இதுதான்: போர்ட்மானில் முதலில் கை வைக்க வேண்டியது கரையில் காய்ந்து கிடக்கும் பகுதி. மழையில் அமிலம் கசிவது அங்கேதான், காற்றில் தூசு பறப்பதும் அங்கேதான், பக்கத்திலேயே ஊர் இருக்கிறது. அதை எடுத்துப் பழைய சுரங்கக் குழியில் அடக்கலாம், இல்லையென்றால் தண்ணீர் இறங்காதபடி மேலே மூடலாம். 2016-இல் அப்படி அகற்றுகிற வேலை ஆரம்பித்துச் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. குழாயை மூடி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த ஊர்க்காரர்களைக் காக்க வைத்திருப்பது அநியாயம். லாபத்தைச் சுரங்கக்காரர்கள் கொண்டுபோனார்கள், செலவு பொதுப்பணத்தின் தலையில் விழுந்தது.

கடலடியில் கிடப்பதைத் தோண்டினால் என்ன ஆகும்? வாளி இறங்கும்போதே சேறு கலங்கும். சுற்றிலும் துணித் திரை கட்டி ஓரளவு தடுக்கலாம், ஆனால் அலையும் நீரோட்டமும் பலமாக இருக்கிற திறந்த கடலில் அந்தத் திரை நிற்காது. மேலே வருவதில் பெரும்பங்கு தண்ணீர், அதை வடித்துச் சுத்திகரித்துத்தான் திரும்ப விடணும். வடிந்த சேறு காற்றுப் பட்டதும் அமிலமாக ஆரம்பிக்கும். அதனால்தான் பல இடங்களில் சுத்தமான மணலை மேலே போட்டு மூடுவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புழுவும் நண்டும் வளை தோண்டுகிற ஆழத்தைத் தாண்டி மணல் கனமாக இருக்கணும், புயல் அலை வாரிக்கொண்டு போகாமல் மேலே கல்லும் தேவைப்படலாம். படகுத்துறை, கப்பல் வழி மாதிரி எப்படியும் கலங்கப்போகிற இடமென்றால் தோண்டித்தான் ஆகணும், அதை மறுக்கவில்லை.

அதற்காக "தண்ணீருக்கு அடியில் இருந்தால் பாதுகாப்பு" என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்காதீர்கள். கிரீன்லாந்தில் பிளாக் ஏஞ்சல் என்ற ஈய, துத்தநாகச் சுரங்கம் 1973 முதல் 1990 வரை கழிவைப் பக்கத்து ஃபியோர்டில், அதாவது மலைகளுக்கு நடுவே நீண்டு உள்ளே புகுந்திருக்கும் குறுகிய கடலில், கொட்டியது. உலோகம் கரையாது என்ற கணக்கில்தான் கொட்டினார்கள், ஆனால் சீக்கிரமே கடற்பாசியிலும் மட்டியிலும் ஈயம் ஏறிவிட்டது. கழிவில் உலோகம் எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்காமல் மொத்த அளவை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஏமாறுவோம். சுரங்கம் மூடியபின் அளவு இறங்கியது, ஆனாலும் பக்கத்தில் இருந்த இடங்களில் பல வருஷம் கூடுதலாகவே இருந்தது.

அப்புறம், மேலேயிருந்து வருவதை நிறுத்தாமல் கடலடியில் செலவழிப்பது வீண். கனடாவில் ஹோ சவுண்ட் என்ற கடல் நுழைவின் கரையில் பிரிட்டானியா செம்புச் சுரங்கம் 1974-இல் மூடிய பிறகும் அமில நீர் ஓடையில் இறங்கிக் கடலில் கலந்துகொண்டே இருந்தது. 2005-இல் சுத்திகரிப்பு நிலையம் வந்தபிறகுதான் மாற்றம் தெரிந்தது, சில வருஷத்தில் அந்த ஓடையில் சால்மன் மீன் திரும்ப ஏறியது. நிலையம் இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஓடித்தான் ஆகணும், மலைக்குள்ளிருந்து வரும் தண்ணீர் நிற்கப்போவதில்லை.

உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஒரு திட்டம் வந்தால் "எத்தனை டன் எடுப்பீர்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். சுரங்கத்திலிருந்து இன்னும் என்ன வடிகிறது, மூடுகிற மணல் புயலுக்குத் தாங்குமா, வேலை முடிந்தபின் எத்தனை வருஷம் மட்டியையும் மீனையும் சோதிப்பீர்கள், அந்த எண்களை மீனவர்கள் கையில் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.