ஒருவரையொருவர் நம்பாத நாடுகள் சேர்ந்து செயற்கை நுண்ணறிவைக் கட்டுக்குள் வைக்க முடியுமா?

முடியும் என்றுதான் நினைக்கிறேன். முதலில் நம்பிக்கை வரட்டும், அப்புறம் ஒப்பந்தம் போடலாம் என்று காத்திருந்தால்தான் நடக்காது.

நான் பிறந்தது கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம். கடற்கரையில் நின்றால் அணுமின் நிலையத்தின் குவிமாடங்கள் தெரியும். கல்லூரியில் படிக்கும்போது ஒரு செய்தியைப் பார்த்து அசந்துபோனேன். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே நேரத்தில், தூதரக வழியில். ஒருவர் நிலையத்தை மற்றவர் தாக்கக் கூடாது என்று 1988 டிசம்பர் 31இல் கையெழுத்தான ஒப்பந்தம் அது. அட்சரேகை, தீர்க்கரேகையைக்கூட எழுதித் தர வேண்டும். எங்கள் ஊர் உலை எங்கே இருக்கிறது என்று நாமே எழுதி அங்கே அனுப்புகிறோம்!

முதல் பட்டியல் கைமாறியது 1992இல். நடுவில் கார்கில் போர் வந்தது, மும்பைத் தாக்குதல் வந்தது. அடுத்த ஜனவரி 1 அன்று பட்டியல் தவறாமல் போனது. 2025இல் பரிமாறியது 34ஆவது முறை. இந்த இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று நம்புகின்றன என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அந்தக் காகிதம் மட்டும் நிற்கவில்லை.

அமெரிக்காவும் சோவியத்தும் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். 1987 ஒப்பந்தப்படி இருவரும் நடுத்தர தூர ஏவுகணைகளை அழிக்க வேண்டியிருந்தது. சிக்கல் என்னவென்றால், தடைசெய்த எஸ்எஸ்-20 என்ற சோவியத் ஏவுகணையின் முதல் அடுக்கும் அனுமதித்த எஸ்எஸ்-25 ஏவுகணையின் முதல் அடுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். அதனால் ரஷ்யாவின் வோட்கின்ஸ்க் ஏவுகணை ஆலை வாசலிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் தங்கினார்கள். யூட்டாவில் ஓர் ஆலை வாசலில் சோவியத் ஆய்வாளர்கள். வோட்கின்ஸ்கில் பெரிய எக்ஸ்ரே கருவி ஒன்றை வைத்தார்கள். ஏவுகணை முழுவதையும் படம் எடுக்க முடியாது, பேசி வைத்த பகுதியை மட்டும்தான். அந்தக் கருவியை வைத்தே 1990இல் தகராறு வந்து, பேசித் தீர்த்தார்கள். ரகசியத்தைத் திறந்து காட்டாமலே, ஏமாற்றவில்லை என்பதை மட்டும் காட்டும் வழி அது. செயற்கை நுண்ணறிவுக்கும் அப்படியொரு எக்ஸ்ரே வேண்டும்.

சரி, ஏவுகணையை எண்ணலாம், ஏஐ மாடலை எப்படி எண்ணுவது? நியாயமான கேள்வி. பயிற்சி முடிந்த மாடல் கடைசியில் சில கோப்புகள்தான். நகலெடுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக்கொண்டு போய்விடலாம். ஆனால் அதைப் பயிற்றுவிக்க ஆயிரக்கணக்கான சிப்புகள் வேண்டும், ஓர் ஊருக்கே போதுமான மின்சாரம் வேண்டும். அவ்வளவு பெரிய கட்டடத்தை ஒளித்து வைப்பது கடினம். அந்த உயர்ரக சிப்புகளைத் தயாரிப்பவர்களும் உலகத்தில் ஒருசிலர்தான். எண்ணுவதை அங்கிருந்து தொடங்கலாம்.

இதுவரை நடந்தது கொஞ்சம்தான். 2023 நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் அமெரிக்கா, சீனா உட்பட 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஏஐ பாதுகாப்பு பற்றிய ஒரே அறிக்கையை ஏற்றன. 2025 பிப்ரவரியில் பாரிஸ் ஏஐ மாநாட்டு அறிக்கையில் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்திடவில்லை. பிரான்சோடு இந்தியாவும் சேர்ந்து தலைமை ஏற்ற மாநாடு அது, எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இவற்றைவிட முக்கியமாக நான் நினைப்பது, 2024 நவம்பரில் பெருவின் லிமாவில் அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் ஒத்துக்கொண்ட ஒரே ஒரு வாக்கியம்: அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதர் கையில்தான் இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்க வழி எதுவும் சொல்லவில்லை. இருந்தாலும் அது ஒரு தொடக்கம்.

அடுத்த அடியாக நான் கேட்பது, விபத்தைச் சொல்லும் கடமை. 1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் வெடித்தது. இரண்டு நாள் கழித்து ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு பணியாளரின் காலணியில் கதிரியக்கம் இருப்பதாக எச்சரிக்கை ஒலித்த பிறகுதான் உலகத்துக்கே விஷயம் தெரிந்தது. அதே செப்டம்பரில், விபத்து நடந்தால் உடனே அறிவிக்க வேண்டும் என்று சர்வதேச ஒப்பந்தம் வந்துவிட்டது. ஏஐ-க்கு அப்படி எதுவும் இல்லை. சோதனையில் ஒரு மாடல் கட்டுப்பாட்டை மீறினால், அதைப் போட்டி நாட்டுக்குச் சொல்லியாக வேண்டும் என்று எந்த உலக ஒப்பந்தமும் கேட்கவில்லை. என்ன நடந்தது, எப்போது நடந்தது, எப்படி நிறுத்தினோம் என்று எழுதிய ஒரே ஒரு பக்கம் போதும். வாஷிங்டனும் பெய்ஜிங்கும் முதலில் அதைப் பரிமாறத் தொடங்கட்டும்.