இந்தியக் கால்பந்து அணியின் மிகப் பெரிய வெற்றி எது?

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்ததைத்தான் பலரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வாங்கிய தங்கம்தான்.

மெல்போர்ன் சின்ன விஷயமில்லை. ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வீழ்த்தினோம். நெவில் டிசோசா ஹாட்ரிக் அடித்தார். ஆனால் அந்த முறை களமிறங்கியது 11 அணிகள்தான். ஹங்கேரி விலகிக்கொண்டதால் முதல் சுற்றை ஆடாமலே தாண்டினோம். அப்புறம் யூகோஸ்லாவியாவிடமும் பல்கேரியாவிடமும் தோல்வி. ஆக, ஆடி ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம்.

ஜகார்த்தாவில் முதல் ஆட்டமே தோல்வி, தென்கொரியாவிடம் 2-0. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றோம், ஆனால் தடுப்பு வரிசையின் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த அடி. தையல் போட்டார்கள். பிறகு ஜப்பானையும் வென்று அரையிறுதிக்கு வந்தபோது பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் ஒரு முடிவெடுத்தார். தையல் போட்ட தலையோடு ஜர்னைலைத் தாக்குதல் வரிசையில் இறக்கினார்! அவரும் கோல் அடித்தார். தென் வியட்நாமை 3-2 என்று வென்றோம். இப்படி ஒரு துணிச்சலை நம் கால்பந்தில் வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

மைதானத்துக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். போட்டியை நடத்திய இந்தோனேசியா இஸ்ரேலையும் தைவானையும் ஒதுக்கியதை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி கண்டித்திருந்ததால் ஊரே கொதித்துப்போயிருந்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கூடிய மைதானத்தில் நம் அணிக்கு எதிராக ஒரே கூச்சல். எதிரே அதே தென்கொரியா. 17ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல், 20ஆவது நிமிடத்தில் ஜர்னைல் கோல். கடைசி நேரத்தில் கொரியா ஒன்றைத் திருப்பியது. அதற்கு மேல் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் விடவில்லை. 2-1.

1951இல் டெல்லியிலும் தங்கம் வாங்கினோம்தான். அது சொந்த ஊர், வந்ததும் ஆறே அணிகள். ஜகார்த்தாவில் அந்த வசதி எதுவும் இல்லை. சுனி கோஸ்வாமி, பல்ராம், பி.கே. என மூன்று பெரிய தாக்குதல் வீரர்கள் ஒரே அணியில் இருந்தது உண்மை. ஆனால் அவர்களை ஒரு அணியாக்கியது ரஹீம், அதுவும் புற்றுநோயோடு போராடிக்கொண்டே. 1963 ஜூனில் அவர் காலமானார். அதன்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குக் கிடைத்தது 1970 பாங்காக்கில் ஒரு வெண்கலம் மட்டுமே.